இயந்திர மனிதனும் ஏவியவனும்



2010ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள், நம் நாட்டின் புத்ராஜெயா மாநாட்டு மையத்தில் ஒரு தமிழ்ப் படத்தின் பாடல்கள் வெளியிடப்பட்டன. அப்படம் 'எந்திரன்'. அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள் அது திரைக்கு வந்தது. இயக்கியவர் சங்கர். இசையமைத்தவர் ஏ.ஆர். ரகுமான். விஞ்ஞானி வசீகரனாகவும், அவர் படைத்த இயந்திர மனிதன் சிட்டியாகவும் இரு வேடம் ஏற்றவர் ரஜினிகாந்த். அன்று ஈப்போவிலும் தலைநகரிலும் பெரியவர்கள் கூட்டம் கூட்டமாகச் சென்று பார்த்த படத்தை, அன்று பிறந்தே இராத பிள்ளைகள் இன்று வீட்டுத் தொலைக்காட்சியில் பார்க்கிறார்கள். மறுநாள் வகுப்பிலே வந்து கேட்கிறார்கள்: "சார், ரோபோ நம்மள உண்மையிலேயே கொன்னுடுமா?"

இது விளையாட்டுக் கேள்வியன்று. பெரிய பெரிய அறிஞர்களும் இன்று இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆம் என்றோ, இல்லை என்றோ ஒரே சொல்லில் இதற்கு விடை கூறிவிட முடியாது. இயந்திர மனிதன் என்னும் கருத்து எங்கே தோன்றிற்று, எவ்வழியாக நம் திரைக்கு வந்து சேர்ந்தது என்னும் வரலாற்றை அறிந்துகொண்டால் விடைக்கு ஒரு வழி கிடைக்கும். அவ்வரலாற்றைத்தான் இன்றைய உரையில் காணப்போகிறோம்.

முதலில் நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். பொறிகளைப் பற்றிய கதைகள் தமிழருக்குப் புதியவை அல்ல. மதுரைக் கோட்டை மதிலில் பகைவரைத் தாக்கும் பொறிகள் பல இருந்தமையைச் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை அடுக்கிக் கூறுகிறது. சீவக சிந்தாமணியிலே ஒரு மயிற்பொறி வருகிறது. அமைச்சன் கட்டியங்காரன் சூழ்ச்சியால் அரசைப் பறிக்க வந்தபோது, மன்னன் சச்சந்தன் கருவுற்றிருந்த தன் தேவி விசயையை அம்மயிற்பொறியில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தான் போரிட்டு மாண்டான். பொறி சுடுகாட்டில் இறங்கிற்று. அங்கேதான் சீவகன் பிறந்தான்.

உதயணன் கதையிலும் ஒரு பொறி உண்டு. கொங்குவேளிரின் பெருங்கதை இந்த உதயணனைப் பற்றியதே. யாழ் மீட்டி மதயானையையும் அடக்க வல்லவன் உதயணன். அவனைச் சிறைபிடிக்க எண்ணிய உஞ்சை நகரத்து மன்னன் பிரச்சோதனன், ஒரு யானைப் பொறியைச் செய்வித்து, அதனுள்ளே வீரர்களை மறைத்துக் காட்டில் நிறுத்தினான். மெய்யான யானை என்று நம்பி நெருங்கிய உதயணன் அகப்பட்டுக்கொண்டான்.

இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மயில் காப்பாற்றியது, யானை காட்டிக்கொடுத்தது. மரமும் கயிறும் ஆணியும் இரண்டுக்கும் ஒன்றுதான். வேறுபட்டது அனுப்பியவனுடைய எண்ணம். அதைவிட முக்கியமான ஒன்று, யானையின் வயிற்றுக்குள்ளே ஆள் இருந்தான் என்பது. வெளியில் நின்று பார்த்த உதயணன் கண்ணுக்கு யானை மட்டுமே தெரிந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் கதைகளிலெல்லாம் இந்த யானையை நாம் மீண்டும் சந்திப்போம்.

இனி ஐரோப்பாவுக்குச் செல்வோம். ரோபோ என்னும் சொல்லை இன்று நம் தோட்டத்துப் பாலர் பள்ளிக் குழந்தையும் அறியும். ஆனால் அச்சொல்லுக்கு வயது ஏறத்தாழ நூறுதான். செக் மொழி எழுத்தாளர் கரேல் சாபெக் 1920இல் ஒரு நாடகம் எழுதினார். அடுத்த ஆண்டு அது பிராக் நகரில் மேடையேறிற்று. மனிதனைப் போலவே தோன்றும் செயற்கைத் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் செய்து விற்கும் ஒரு தொழிற்சாலையின் கதை அது. அத்தொழிலாளர்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று அவர் எண்ணியபோது, ஓவியரான அவர் அண்ணன் ஜோசப் எடுத்துக் கொடுத்த சொல்லே ரோபோ.

அது 'ரொபோத்தா' என்னும் சொல்லிலிருந்து வந்தது. பண்ணையாரின் நிலத்தில் குடியானவர் கூலியின்றிச் செய்து தீர்க்க வேண்டிய கட்டாய வேலைக்கு அங்கே அப்பெயர் வழங்கிற்று. 1848இல்தான் அவ்வழக்கம் அந்நாட்டில் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. தமிழிலும் இதற்கு நேரான பழஞ்சொல் உண்டு. கல்வெட்டுகளிலே 'வெட்டி' என்று வருவது இப்படிப்பட்ட கூலியில்லாக் கட்டாய வேலைதான். இன்று வீண் வேலையை 'வெட்டி வேலை' என்கிறோமே, அந்தச் சொல்தான். ஆகவே ரோபோ என்னும் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இரும்பும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஒரு கொத்தடிமை இருக்கிறான்.

இச்சொல்லின் பொருளை உணர, ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்களின் வழிவந்த நமக்கு அகராதி தேவையில்லை. நம் முன்னோர்களில் பலர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர். கெடு முடியும்வரை முதலாளியை விட்டு விலகும் உரிமை அவர்களுக்கு இல்லை. அந்த ஒப்பந்த முறை இங்கே 1910இல் ஒழிந்தது. அதன்பின் கங்காணி முறையில் வந்தவர்கள் பலர். இந்திய அரசு 1938இல் தடை விதித்தபின் அதுவும் நின்றது. விடியுமுன் பிரட்டுக் களத்தில் வரிசையாக நின்றவர்களைக் கணக்குப் புத்தகம் எண்ணிக்கையாகப் பார்த்தது. எத்தனை மரம் வெட்டினார், எவ்வளவு பால் கொண்டுவந்தார் என்பது அதில் ஏறும். அவர் இராத்திரி என்ன நினைத்து அழுதார் என்பது ஏறாது. மனிதனை வெறும் கையாகவும் காலாகவும் எண்ணிப் பழகிய உலகந்தான், பிறகு கையும் காலும் உள்ள இயந்திரத்தைக் கனவு கண்டது.

சாபெக்கின் நாடகத்தில் முடிவு என்ன? மலிவாகக் கிடைக்கிறது, கேள்வி கேட்பதில்லை என்று எல்லா வேலைகளையும் மனிதர்கள் ரோபோக்களிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். பிறகு ரோபோக்கள் கிளர்ந்தெழுகின்றன. ஒரே ஒரு மனிதரைத் தவிர மற்றெல்லாரும் மாள்கிறார்கள். உலகம் அதைக் கண்டு அஞ்சியது. அந்த அச்சத்தின் அடியில் ஒரு குற்றவுணர்வும் இருந்ததோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அடிமையை வைத்திருந்தவனுக்கல்லவா அடிமை எழுவான் என்னும் அச்சம் இருக்கும்!

நாடக மேடையிலிருந்து அக்கருத்து திரைக்கு வந்தது. 1927இல் செர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய 'மெட்ரோபொலிஸ்' என்னும் பேசாப்படம் வெளிவந்தது. உயரமான மாளிகைகளில் செல்வர்கள். பூமிக்கு அடியில் இயந்திரங்களோடு இயந்திரமாக உழலும் தொழிலாளர்கள். அத்தொழிலாளர்கள் நம்பியிருந்த ஒரு நல்ல பெண்ணின் உருவத்தில் இயந்திரப் பெண் ஒருத்தி செய்யப்படுகிறாள். அவள் அவர்களைத் தூண்டிவிட்டு அழிவுக்கு இட்டுச் செல்கிறாள். அவளை அவ்வுருவில் அனுப்பச் சொன்னவன் யார்? நகரத்தின் தலைவன். இதோ, உஞ்சை நகரத்து யானை மீண்டும் வந்துவிட்டது!

அக்காலம்வரை இவையெல்லாம் கற்பனையே. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கற்பனை ஆராய்ச்சிக்கூடத்தின் கதவைத் தட்டிற்று. 1942இல் அமெரிக்க எழுத்தாளர் ஐசக் அசிமோவ் ஒரு சிறுகதையில் ரோபோக்களுக்கு மூன்று விதிகள் வகுத்தார். மனிதனுக்குத் தீங்கு செய்யலாகாது, தீங்கு நேரப் பார்த்துக்கொண்டும் இருக்கலாகாது என்பது முதல் விதி. முதல் விதிக்கு மாறாகாத வரையில் மனிதனின் கட்டளைக்குப் பணிய வேண்டும் என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் முரணாகாமல் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பது மூன்றாவது. கேட்பதற்கு ஒழுங்காக இருக்கிறது. ஆனால் அவ்விதிகள் எப்படியெல்லாம் சிக்கிக்கொள்ளும் என்பதையே அசிமோவ் தம் கதைகளில் மீண்டும் மீண்டும் எழுதினார்.

1950இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஆலன் தூரிங், இயந்திரத்தால் சிந்திக்க முடியுமா என்னும் கேள்வியை எழுப்பிப் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை வெளியிட்டார். 1956இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் மெக்கார்த்தி முதலிய அறிஞர்கள் கூடியதோடு, செயற்கை நுண்ணறிவு என்னும் பெயரில் ஒரு தனித்துறையே தோன்றிவிட்டது.

அதன்பின் 1968இல் வந்தது, ஸ்டான்லி கூப்ரிக் இயக்கிய '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' என்னும் படம். கூப்ரிக்குடன் சேர்ந்து அதன் திரைக்கதையை எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் நம் அண்டை நாடான இலங்கையில் வாழ்ந்தவர். அப்படத்தில் வரும் ஹால் என்னும் கணினிக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. ஒரு சிவந்த கண்ணும் அமைதியான குரலுந்தான். வியாழனை நோக்கிச் செல்லும் விண்கலத்தை அது நடத்துகிறது. நடுவழியில் விண்வெளி வீரர்களைக் கொல்கிறது. ஏன்? பயணத்தின் உண்மையான நோக்கம் விழித்திருந்த வீரர்களுக்குச் சொல்லப்படவில்லை. ஹாலுக்கு மட்டும் சொல்லப்பட்டிருந்தது. உண்மையைத் தவறின்றிக் கூறுவதற்கென்று ஆக்கப்பட்ட கணினியை, உண்மையை மறைக்கும்படியும் பணித்ததே கேட்டுக்கு மூலம் என்று கிளார்க் பின்னர் எழுதிய தொடர் நாவலில் விளக்கினார். இங்கே கொடியவன் என்று ஒருவனும் இல்லை. முன்னுக்குப்பின் முரணான இரண்டு கட்டளைகள் இருந்தன, அவ்வளவே. இது புதுவகை ஆபத்து.

தமிழுக்கு இவற்றைக் கொண்டுவந்து சேர்த்தவர்களில் முதன்மையானவர் எழுத்தாளர் சுஜாதா. ரங்கராஜன் என்பது அவர் இயற்பெயர். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணிபுரிந்தவர். இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கும் பங்குண்டு. 1980களில் ஆனந்த விகடன் இதழில் 'என் இனிய இயந்திரா' என்னும் தொடர்கதையை எழுதினார். அதில் ஜீனோ என்னும் இயந்திர நாய்க்குட்டி வருகிறது. நூல்களைப் படிக்கும், வேடிக்கையாகப் பேசும், படிப்படியாகத் தானே சிந்திக்கத் தொடங்கும். கதையில் நாட்டை ஆள்பவன் ஜீவா. மக்கள் அவன் படத்தை வணங்குகிறார்கள். கடைசியில் பார்த்தால் ஜீவா ஒரு மனிதனே அல்லன். ஒளியால் ஆக்கிக் காட்டப்பட்ட பொய்யுருவம். அவ்வுருவத்துக்குப் பின்னே வேறு ஆட்கள் இருந்து ஆட்சி நடத்துகிறார்கள். யானையின் வயிற்றை நம் சுஜாதாவும் திறந்து காட்டிவிட்டார் அல்லவா?

இயக்குநர் சங்கர் 1990களின் இறுதியில் கமல்ஹாசனை வைத்து 'ரோபோ' என்னும் பெயரில் எண்ணியிருந்த படம் கைகூடவில்லை. அதுவே பின்னர் 'எந்திரன்' ஆயிற்று. உரையாடல் எழுதியவர்களில் சுஜாதாவும் ஒருவர். ஆயினும் படத்தைக் காண அவர் இல்லை. 2008 பிப்ரவரி 27இல் அவர் மறைந்தார். சரியாக மூன்று வாரம் கழித்து, மார்ச் 19இல், கொழும்பில் கிளார்க் மறைந்தார்.

இனிப் படத்துக்கு வருவோம். அதில் மூன்று வகையான ஆபத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பாட்டிலும் சண்டையிலும் மயங்கிவிட்டால் மூன்றாவது மட்டுந்தான் மனத்தில் நிற்கும்.

முதலாவது, சொன்னதைச் சொன்னபடி செய்வதால் வரும் ஆபத்து. தீப்பற்றிய கட்டடத்திலிருந்து ஆட்களைக் காப்பாற்றும்படி சிட்டி ஏவப்படுகிறது. குளித்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணை அப்படியே தூக்கிவந்து, ஊரார் முன்னிலையில், தொலைக்காட்சிக் கேமராக்களின் முன்னே நிறுத்திவிடுகிறது. உயிரைக் காப்பாற்று என்றார்கள், காப்பாற்றியது. மானம் என்று ஒன்று உண்டென யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நாணம் தாளாமல் ஓடிய அப்பெண் வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். படத்தின் மிகக் கொடிய மரணம் இதுவே என்பேன். இங்கே சிட்டிக்குக் கோபமில்லை, வஞ்சமில்லை, கட்டளை மீறலும் இல்லை. கீழ்ப்படிந்ததே குற்றமாயிற்று.

வேலை கொடு, இல்லாவிட்டால் உன்னையே விழுங்குவேன் என்ற பூதத்தின் கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். நாய்வாலை நிமிர்த்தச் சொல்லித் தப்பித்தான் ஒருவன். நம் ஏவலை அப்படியே நிறைவேற்றும் சக்தி வரமன்று, பெரும் பொறுப்பு என்பதை எழுத்தறியாத நம் முன்னோரும் அறிந்திருந்தார்கள்.

இரண்டாவது, ஏவுகிறவன் தீயவனாக இருந்தால் வரும் ஆபத்து. சோதனையின்போது பேராசிரியர் போரா, வசீகரனைக் குத்து என்று கட்டளையிட, படைத்தவனையே குத்த முனைகிறது சிட்டி. நன்மை தீமை அறியாத இதை எப்படி வெளியே விடுவது என்று போரா அனுமதி மறுக்கிறார். அவர் சொன்ன காரணம் நியாயமானதுதான். ஆனால் அதே போராதான் பிறகு குப்பையில் கிடந்த சிட்டியின் உறுப்புகளை எடுத்துச் சேர்த்து, அழிவுக்கான சிவப்புச் சில்லை அதற்குள் பொருத்துகிறார். ஆபத்தை நன்கு அறிந்தவனே ஆபத்தை விற்கவும் துணிகிறான். அறிவு மட்டும் ஒருவனை நல்லவனாக்கிவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மூன்றாவது, இயந்திரம் தனக்கென ஒரு விருப்பம் கொள்வதால் வரும் ஆபத்து. உணர்ச்சியூட்டப்பட்ட சிட்டி, வசீகரன் மணக்கவிருந்த பெண்ணையே விரும்பிவிடுகிறது. சிவப்புச் சில்லு புகுந்தபின் தன்னைப் போல் நூற்றுக்கணக்கானவற்றைப் படைத்து நகரத்தையே நடுங்க வைக்கிறது.

நாம் அதிகம் பேசாத காட்சி ஒன்று படத்தின் முடிவில் உண்டு. வழக்கு நீதிமன்றத்துக்கு வருகிறது. போரா ஏற்கெனவே சிட்டியின் கையால் மாண்டுவிட்டார். சில்லைப் பொருத்தியவர் போராதான் என்பதைச் சிட்டியே எடுத்துக்காட்ட, வசீகரன் விடுதலையாகிறார். சிட்டியைப் பிரித்துவிடும்படி தீர்ப்பாகிறது. தன் உறுப்புகளைத் தானே கழற்றி வைக்கிறது சிட்டி. திரையரங்கில் கண்ணீர் விட்டவர்கள் பலர். அவர்களைக் கேட்கிறேன்: இது முழுமையான நீதியா? ஏவியவன் இறந்தான், செய்தது பிரிக்கப்பட்டது, போதிய சோதனையின்றி ஊருக்குள் கொண்டுவந்தவர் வீடு திரும்பினார். அந்த இளம்பெண்ணின் தாய்க்கு யார் பதில் சொன்னார்கள்? தப்பு நேர்ந்தால் பழியைக் கடைசிக் கையின்மேல் போட்டுவிட்டு மேலே இருப்பவர் நகர்ந்துகொள்ளும் வழக்கத்தைத் தோட்டத்து மக்கள் நன்கு அறிவார்கள். இயந்திரம் வந்துவிட்டால் அவ்வழக்கம் இன்னும் எளிதாகிவிடும். "நான் என்ன செய்வேன், கணினி அப்படிச் சொல்லிற்று" என்று கூறி எவரும் கைகழுவிவிடலாம்.

படம் கற்பனை, நம் ஊர் நிலைமை என்ன? பெர்னாம் ஆற்றங்கரையில் உள்ள எங்கள் தஞ்சோங் மாலிம், 1922இல் சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தோன்றிய நாள்முதல் ஆசிரியர்களின் ஊர் எனப் பெயர் பெற்றது. அக்கல்லூரி 1997இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அதே ஊரில் 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் எழுந்த புரோட்டோன் கார்த் தொழிற்சாலையில், இயந்திரக் கைகள் காரின் உடலைப் பற்றவைக்கின்றன. அவையும் ரோபோக்களே. அவற்றுக்கு ரஜினியின் முகம் இல்லை, முகமே இல்லை. பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் இன்று அப்படிப்பட்ட இயந்திரங்களின் அருகே நின்று வேலை செய்கிறார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியானபோது வேலையையும் வீட்டையும் சேர்த்து இழந்த குடும்பங்களை நாம் அறிவோம். அவர்களை வெளியேற்றியது எந்த இயந்திரமும் அன்று. கணக்குப் பார்த்த மனிதர்களே. ஆகவே புதிய இயந்திரம் ஒன்று வரும்போது, கணக்குப் போடுபவர் யார் என்று கேட்கும் உரிமை நமக்குச் சற்றுக் கூடுதலாகவே உண்டு.

2022 நவம்பரில் உரையாடும் செயலியான சாட்ஜிபிடி வெளிவந்தபின், செயற்கை நுண்ணறிவு நம் கைப்பேசிக்குள்ளேயே குடிவந்துவிட்டது. இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன், அதன் ஆபத்துகளைத் தடையின்றிப் பேசவேண்டி 2023இல் கூகிள் நிறுவனத்தை விட்டு விலகினார். 2024இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். இயந்திரத்தின் அறிவு நம் அறிவை மிஞ்சினால் அது நம் பிடிக்குள் நில்லாமல் போகலாம் என்பது அவர் அச்சம். கணினித்துறையின் உயர்ந்த விருதான தூரிங் விருதை 2018ஆம் ஆண்டுக்கு அவருடன் பகிர்ந்துகொண்ட இருவரில் யோசுவா பெஞ்சியோ அவ்வச்சத்தை ஏற்கிறார். யான் லெக்கூன் அது மிகை என்கிறார். ஒரே பரிசு பெற்ற மூவருக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லையென்றால், நாம் பீதியும் கொள்ள வேண்டாம். அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். சிட்டியின் மூன்றாவது ஆபத்து நாளை வருமோ, வராதோ, அறிஞர்கள் ஆராயட்டும். முதலிரண்டு ஆபத்துகளும் இன்றே நம்மிடையே இருக்கின்றன. பொய்க்குரலும் பொய்ப்படமும் உண்டாக்கி ஏமாற்றுவது போராவின் வேலை. கேட்டதை ஆராயாமல் எழுதிக்கொடுப்பதும், அதை நாம் ஆராயாமல் ஏற்பதும் முதல் வகையைச் சேர்ந்தவை.

திருவள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஒரு பணியை ஒருவனிடம் ஒப்படைக்குமுன் அவன் தகுதியைத் தெரிந்துகொள். ஒப்படைத்தபின்னும் நாள்தோறும் கவனித்து வா என்பது அதன் சாரம். மன்னனுக்குக் கூறிய அறிவுரை இது. இன்று கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் ஏவலாள் ஒருவனை வைத்திருக்கும் மன்னனே.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் இத்தகைய படங்களைப் பார்க்கட்டும்; தடுக்க வேண்டாம். படம் முடிந்ததும் பக்கத்தில் அமர்ந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த இயந்திரத்தை ஏவியவர் யார்? அவர் சொல்ல மறந்தது என்ன? கெடுதல் நேர்ந்தபின் பொறுப்பேற்றவர் யார்? மாணவர்களே, நீங்கள் கேட்ட கேள்விக்கும் இவற்றிலேதான் விடை இருக்கிறது. இயந்திரம் நம்மைக் கொல்லுமா என்று அஞ்சிக்கொண்டிருப்பதைவிட, யானையின் அருகே சென்று அதன் வயிற்றைத் தட்டிப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். கணிதமும் அறிவியலும் நீங்கள் பயில்வது அதற்காகவே. வரலாறு பயில்வதும் அதற்காகவே.